ஏழரைச் சுற்றில் ஒரு வேலை: விளையாட்டும் சமூக ஏற்றமும்

கூலி வேலை செய்த பெற்றோரின் பிள்ளை மாதச் சம்பளம் வாங்குபவராவதும், பத்தாம் வகுப்பைத் தாண்டாத குடும்பத்திலிருந்து ஒருவர் பட்டம் பெறுவதும், ஊரார் ஒருமையில் அழைத்துவந்த வீட்டாருக்கு 'வாங்க, உட்காருங்க' என்ற சொல் கிடைப்பதும் ஒரே மாற்றத்தின் மூன்று வெளிப்பாடுகள். ஒரு தலைமுறை தனக்கு முந்தைய தலைமுறையைவிட வருமானத்திலும் கல்வியிலும் மதிப்பிலும் மேலேறும் இந்த மாற்றத்தைச் சமூகவியலாளர் 'மேல்நோக்கிய சமூக நகர்வு' என்று குறிப்பிடுவர். படிப்பு, நிலம், அரசு வேலை, நகரத்துக்குக் குடிபெயர்தல் ஆகியவையே அதற்கான வழிகள் என்று நெடுங்காலம் கருதப்பட்டுவந்த நிலையில், சென்ற அரை நூற்றாண்டாக ஆய்வாளர்கள் விளையாட்டையும் உடற்பயிற்சியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துப் பார்த்துவருகின்றனர். விளையாடுகிறவர் உயர்கிறாரா, அல்லது ஏற்கெனவே உயர்ந்த நிலையில் இருப்பவருக்குத்தான் விளையாட நேரமும் இடமும் வாய்க்கின்றனவா என்பதே அவர்களுக்கு முன்னுள்ள கேள்வி.

இந்தக் கேள்வியைப் பெருநகரத்தில் மட்டும் வைத்து ஆராய்ந்தால் பாதி விடையே கிடைக்கும். தருமபுரி மாவட்டத்தின் கடத்தூரைப் போன்ற பேரூராட்சிகளில்தான் அது கூர்மையாக எழுகிறது. பொம்மிடி, மொரப்பூர் ரயில் நிலையங்கள் எட்டும் தொலைவில் அமைந்த, வெற்றிலைச் சந்தைக்குப் பெயர்பெற்ற இவ்வூர், சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குப் பள்ளியும் கடைவீதியும் பேருந்தும் தரும் சிறு நகரம். மழையையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிய மரவள்ளி, மஞ்சள், கரும்புச் சாகுபடி எல்லோருக்கும் ஆண்டு முழுதும் வேலை தருவதில்லை என்பதால், பெங்களூருவின் கட்டட வேலைக்கும் ஓசூரின் தொழிற்சாலைகளுக்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் இளைஞர்கள் பெயர்ந்து செல்வது இம்மாவட்டத்தின் இயல்பாகிவிட்டது. 2003-இல் வெளியான தமிழ்நாடு மனித மேம்பாட்டு அறிக்கை, வருமானம், கல்வி, ஆயுள் ஆகிய மூன்றையும் சேர்த்து அளந்தபோது, தருமபுரியைக் கடைசி வரிசையில் வைத்தது.

இத்தகைய ஊரில் விளையாட்டு ஒரு பொழுதுபோக்காக மட்டும் இருக்க முடிவதில்லை. அது ஒரு வேலைக்கான தகுதியாகவும், நகரத்துக்குள் நுழைவதற்கான சீட்டாகவும், சாதியும் தெருவும் வகுத்த எல்லைக்கு வெளியே மனிதரைப் பழகிக்கொள்ளும் இடமாகவும் ஆகிவிடுகிறது. இந்த மூன்று வழிகளும் எப்படிச் செயல்படுகின்றன, யாருக்குத் திறக்கின்றன, யாரைத் திருப்பி அனுப்புகின்றன என்பதைத் தனித்தனியே பார்த்தால்தான் விளையாட்டு குறித்த மிகைக் கனவுகளும் மிகை அலட்சியமும் விலகும்.

நட்சத்திரங்கள் காட்டுவதும் மறைப்பதும்

விளையாட்டால் உயர்ந்தவர் என்றவுடன் இப்பகுதி மக்களுக்கு நினைவுக்கு வரும் இரண்டு பெயர்களும் பக்கத்துச் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த த. நடராஜன், சென்னையின் லீக் ஆட்டங்கள் வழியாகவும் 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியாகவும் கவனம் பெற்று, 2017-இல் ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணியால் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், அதே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, சிறு வயதில் பேருந்து விபத்தில் காலில் ஊனமுற்றவர். காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்த தாயின் மகனான அவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கமும், அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் வென்றார். தமிழ்நாடு அரசு அவருக்கு 2 கோடி ரூபாய் பரிசளித்ததோடு, பின்னர் தமிழ்நாடு செய்தித்தாள், காகித நிறுவனத்தில் பணியும் வழங்கியது.

இருவருடைய உயர்வும் உண்மையானது. இருவரும் எல்லாத் தடைகளையும் உழைப்பால் வென்றவர்கள். ஆயினும், இவர்களை முன்மாதிரியாகக் காட்டி ஒரு தலைமுறையையே அந்தப் பாதையில் செலுத்துவது ஆபத்து என்று எச்சரித்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸ். கறுப்பின இளைஞர்கள் கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் மட்டுமே எதிர்காலத்தைத் தேடிப் படிப்பைக் கைவிடுவதை அவர் பல பத்தாண்டுகள் கண்டித்துவந்தார். தொழில்முறை அணிகளில் இருக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதும், அந்த இடம் கிடைக்காதவரிடம் மாற்று வழி எதுவும் மிஞ்சுவதில்லை என்பதும் அவரது வாதத்தின் சாரம். ஐபிஎல் அணிகளின் மொத்த இடங்கள் நாடு முழுவதற்கும் சில நூறுதான் என்பதையும், அதற்காகத் தெருத் தெருவாக ஆடும் இளைஞர்கள் இலட்சக்கணக்கில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், எட்வர்ட்சின் எச்சரிக்கை சேலத்துக்கும் தருமபுரிக்கும் அப்படியே பொருந்தும்.

இந்தக் கதைகளில் பெரும்பாலும் கவனிக்கப்படாத பகுதி ஒன்று உண்டு. மாரியப்பனைப் பள்ளியில் உயரம் தாண்டச் சொன்னவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். அவரைப் பன்னாட்டுத் தரத்துக்கு உயர்த்தியவர் பெங்களூருவில் பயிற்சியளித்த சத்தியநாராயணா. நடராஜனுக்குச் சென்னையில் ஆட வழிகாட்டியவர் அவரது ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். திறமை ஊரில் பிறந்தாலும், அதைக் கண்டறிந்து நகரத்தோடு இணைத்த ஒரு மனிதர் ஒவ்வொரு கதையிலும் நடுவில் நிற்கிறார். அத்தகைய மனிதர் வாய்க்காத ஊர்களில் அதே திறமை அடையாளம் தெரியாமலே முடிந்துபோகும் என்பதைத்தான் இந்த வெற்றிகள் மறைமுகமாகச் சொல்கின்றன. நடராஜன் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்து 2023-இல் திறந்துவைத்ததை இந்த நோக்கில் புரிந்துகொள்ள வேண்டும்.

'போலீசுக்கு ஓடுவது'

நட்சத்திரங்களை விட்டுவிட்டுச் சாதாரண இளைஞர்களைக் கவனித்தால், உடற்பயிற்சியும் சமூக ஏற்றமும் இணையும் இடம் வேறொன்றாக இருப்பது தெரியும். வட தமிழகத்தின் சிறு நகரங்களில் விடியற்காலையில் பள்ளி மைதானத்தையும் புறவழிச்சாலையையும் நிறைக்கும் இளைஞர்களில் பலர் எந்த அணியிலும் இல்லாதவர்கள். 'போலீசுக்கு ஓடுறான்', 'மிலிட்டரிக்கு ஓடுறான்' என்று வட்டாரப் பேச்சில் சொல்லப்படும் வேலைத் தேடலில் இருப்பவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைக் கல்வித் தகுதி. தொடக்க அடிப்படை ஊதியம் 18,200 ரூபாய். அதற்குமேல் படிகளும் பணிப் பாதுகாப்பும் உண்டு. நாட்கூலியில் வளர்ந்த குடும்பத்துக்கு ஒரே தலைமுறையில் வாழ்க்கையின் அடித்தளத்தையே மாற்றித் தரக்கூடிய வேலை இது.

அந்தத் தேர்வின் உடற்தகுதிப் பகுதி எப்படி அமைந்திருக்கிறது என்பதை நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. ஆண்கள் 1,500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடிக்குள் முடிக்க வேண்டும். பள்ளி மைதானங்களில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பொடியால் வரையப்படும் 200 மீட்டர் ஓடுபாதையில் 1,500 மீட்டர் என்பது ஏழரைச் சுற்று. அதாவது, ஒவ்வொரு சுற்றையும் 56 நொடிக்குள் முடித்துக்கொண்டே போக வேண்டும். முதல் இரண்டு சுற்றை நாற்பத்தைந்து நொடியில் பாய்ந்து முடிப்பவர் ஐந்தாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சீராக ஓடுபவர்தான் கோட்டைத் தொடுவார். அதைக் கடந்த ஆண்கள் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் ஆகியவற்றில் மதிப்பெண் பெற வேண்டும். கயிற்றில் 6 மீட்டர் ஏறுவதற்கும் 100 மீட்டரை 13.5 நொடியில் ஓடுவதற்கும் முழு மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 70, உடற்திறனுக்கு 24, தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6 என்று நூறு மதிப்பெண் பிரிக்கப்பட்டுள்ளதால், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மைதானத்தில் சம்பாதிக்க வேண்டியது. இதைத் தவிர, காலியிடங்களில் 10 விழுக்காடு விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கப்படுகிறது.

ஆங்கிலம் பேசத் தெரியாத, கோச்சிங் சென்டருக்குப் பெருந்தொகை கட்ட முடியாத இளைஞர் ஒருவர் தன் உழைப்பை மட்டும் மூலதனமாக வைத்து நகரத்துப் பிள்ளையோடு சமமாகப் போட்டியிடக்கூடிய அரிய களம் இது என்பதில் ஐயமில்லை. எனினும், இந்தச் சமத்துவம் முழுமையானதன்று. ஆண்களில் பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 170 செ.மீ., பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 167 செ.மீ. என்ற உயர வரம்பு எந்தப் பயிற்சியாலும் எட்ட முடியாதது. ஒருவர் வளர்ந்து நிற்கும் உயரத்தில் மரபோடு சேர்த்துக் குழந்தைப் பருவத்தில் கிடைத்த பாலும் முட்டையும் பருப்பும் பங்கு வகிக்கின்றன. சென்ற தலைமுறையின் வறுமை அளவுநாடாவில் வந்து நிற்கும் இடம் அது. பள்ளியின் மதிய உணவும் முட்டையும் காலை உணவுத் திட்டமும் விளையாட்டுக் கொள்கையின் பகுதிகளே என்று கூறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னொரு வரம்பு காலம். காவலர் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 26 வயதும், பிற பிரிவுகளில் அதற்குச் சில ஆண்டுகள் கூடுதலாகவும் உச்ச வயது உண்டு. இராணுவத்தில் 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தின்படி சேர்க்கப்படுபவர்களில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு 25 விழுக்காட்டினர் வரையே நிரந்தரமாக்கப்படுவர். 1.6 கி.மீ. ஓடி, கம்பியில் தொங்கி உடலைப் பத்து முறை மேலே இழுத்துப் பெற்ற வேலை நான்கே ஆண்டில் முடியுமானால், ஓடுவதற்குச் செலவிட்ட ஆண்டுகளில் ஒரு பட்டத்தையோ தொழிற்பயிற்சியையோ கூடவே முடித்துவைப்பது அறிவுடைமை.

உடலே மூலதனம்

பணமும் நிலமும் இல்லாதவரிடம் இருக்கும் ஒரே முதலீடு அவரது உடல்தான் என்ற எண்ணத்தைச் சமூகவியலில் 'உடல் மூலதனம்' என்ற கருத்தாக வளர்த்தவர் லோயிக் வாக்கண்ட். 1988-இல் சிகாகோவின் கறுப்பினக் குடியிருப்பு ஒன்றின் குத்துச்சண்டைக் கூடத்தில் தானே பயிற்சி பெறுபவராகச் சேர்ந்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் பழகிய இப்பிரெஞ்சு ஆய்வாளர், வெளியே தெருவில் வன்முறையும் வேலையின்மையும் நிலவ, கூடத்துக்குள் நேரந்தவறாமையும் உணவுக் கட்டுப்பாடும் நிலவியதை விரிவாகப் பதிவுசெய்தார். அந்த மூலதனம் வயதோடு தேய்வது, காயத்தால் ஒரே நாளில் அழியக்கூடியது, வங்கியில் இட்ட பணத்தைப் போல வட்டி தராதது என்பதையும் அவர் காட்டினார்.

இந்திய நகரங்களில் இதன் புதிய வடிவம் ஜிம். மிகீல் பாஸ் என்ற டச்சு மானுடவியலாளர் 2020-இல் வெளியிட்ட 'மஸ்குலர் இந்தியா' என்னும் நூல், கீழ்நடுத்தரக் குடும்பங்களிலிருந்து ஜிம் பயிற்சியாளராக உயர முயலும் இளைஞர்களின் வாழ்க்கையை ஆராய்கிறது. தசை கட்டிய உடல் அவர்களுக்கு வேலை வாங்கித் தருகிறது. மருத்துவர், தொழிலதிபர், மென்பொருள் அதிகாரி ஆகியோரோடு நாள்தோறும் பழகும் வாய்ப்பையும் தருகிறது. ஆனால், ஆங்கிலம், உடை, பேச்சுமுறை ஆகிய நுண்ணிய எல்லைகள் பயிற்சியாளரையும் வாடிக்கையாளரையும் தொடர்ந்து பிரித்தே வைக்கின்றன.

அந்த எல்லைகளுக்கான விளக்கத்தைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியே 1970-களின் இறுதியிலேயே தந்திருந்தார். எந்த விளையாட்டை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார் என்பது அவர் சார்ந்த வர்க்கத்தின் பழக்கத்தால் தீர்மானிக்கப்படுகிறது என்பது அவரது ஆய்வின் முடிவு. உடலை ஒரு கருவியாகக் கருதும் உழைக்கும் வர்க்கத்தினர் வலிமையும் வலி தாங்குதலும் வேண்டும் விளையாட்டுகளை நாடுகின்றனர். உடலைப் பேணிப் பாதுகாக்க வேண்டிய ஒன்றாகக் கருதும் மேல்வர்க்கத்தினர் டென்னிஸ், கோல்ஃப், நடைப்பயிற்சி போன்று நெடுங்காலம் தொடரக்கூடியவற்றை நாடுகின்றனர். தமிழகத்தில் கபடி, பளுதூக்குதல், குத்துச்சண்டை ஆகியவற்றின் வீரர்கள் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றனர் என்பதையும், நீச்சல், டென்னிஸ் அகாடமிகளின் வாயிலில் நிற்கும் கார்களையும் ஒப்பிட்டால் இந்த முடிவு இங்கும் பெரிதும் பொருந்துவது புலப்படும்.

உடலுழைப்பு செய்பவருக்குத் தனியே உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் ஊரில் உண்டு. 2018-இல் வெளியான, ஏறத்தாழ 1 இலட்சத்து 93 ஆயிரம் பேரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, கடும் உடலுழைப்பு வேலையில் இருக்கும் ஆண்களுக்கு முன்கூட்டிய இறப்பின் அபாயம் 18 விழுக்காடு அதிகம் என்று கண்டது. ஓய்வு நேர உடற்பயிற்சியோ அபாயத்தைக் குறைப்பதாகவே பிற ஆய்வுகள் கூறுகின்றன. ஓய்வின்றி, வெயிலில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் உழைப்பு இதயத்தைக் களைப்படையச் செய்கிறது. தானே தேர்ந்துகொண்ட அளவில், இடையே ஓய்வோடு செய்யும் பயிற்சி அதை வலுப்படுத்துகிறது. பெங்களூருவில் செங்கல் சுமக்கும் தருமபுரித் தொழிலாளியின் உடல் நாள்தோறும் அசைந்தாலும், உடற்பயிற்சியின் பயன் அவருக்குக் கிடைப்பதில்லை. உடல்நலமும் வர்க்கத்தின்படி பங்கிடப்படும் செல்வமாகவே இருக்கிறது.

எந்த விளையாட்டு எவ்வளவு உயர்த்தும்?

எல்லா விளையாட்டும் ஒரே அளவில் உயர்த்துவதில்லை. சென்னையின் வடபகுதியான வியாசர்பாடியும் தண்டையார்பேட்டையும் வண்ணாரப்பேட்டையும் பல தலைமுறைகளாகக் கேரம், கால்பந்து, குத்துச்சண்டை வீரர்களைத் தந்துவருகின்றன. ஒரு பலகையும் சில காய்களும் இருந்தால் போதும் என்பதால் கேரம் குறுகிய தெருவிலும் வளர்ந்தது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இரு முறை உலகச் சாம்பியனாகி 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் பிரான்சில் உலகச் சாம்பியன் ஆனார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஆயினும், கேரம் ஒலிம்பிக்கில் இல்லை. தொலைக்காட்சி உரிமை, விளம்பரம், தொழில்முறை லீக் எதுவும் பெரிய அளவில் அதற்கில்லை. அதே 2024-இல் சதுரங்க உலகச் சாம்பியனான குகேஷுக்குத் தமிழ்நாடு அரசு 5 கோடி ரூபாயும், காசிமாவுக்கு 1 கோடி ரூபாயும் வழங்கியது. குகேஷின் தந்தை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் பயணம் செய்யத் தன் தொழிலையே ஒதுக்கிவைத்தவர். பெற்றோரின் நேரத்தையும் பயணச் செலவையும் கோரும் விளையாட்டு பெரும் பலன் தருவதும், பலகையொன்றே போதுமான விளையாட்டு சிறு பலனோடு நிற்பதும் தற்செயலன்று.

இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு சமன்செய்வது அரசின் ஒதுக்கீடு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு, பொறியியல் படிப்பில் 500 இடங்கள், மருத்துவப் படிப்பில் 7 இடங்கள் என்ற ஏற்பாடுகள், பதக்கத்தைப் பட்டமாகவும் சம்பளமாகவும் மாற்றித் தருகின்றன. ரயில்வே, வருமான வரித் துறை, வங்கிகள், காவல் துறை ஆகியவை நெடுங்காலமாக வீரர்களுக்கு வேலை கொடுத்துவந்துள்ளன. பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்த மதுரை ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக் வரை ஓடியதும், தென்னக ரயில்வேயில் பணிபுரிவதும் இதற்குச் சான்று. 'கேலோ இந்தியா' திட்டத்தில் தேர்வாகும் வீரருக்குப் பயிற்சி, தங்குமிடத்தோடு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கும் கிடைக்கிறது. ஆனால், ஒதுக்கீட்டுக்கு வேண்டிய சான்றிதழ் மாநில, தேசியப் போட்டிகளில் கிடைப்பது. அங்கே போவதற்கான தகவலும் பயணப்படியும் அழைத்துச்செல்லும் ஆசிரியரும் இல்லாத பள்ளியின் மாணவருக்கு அந்த 3 விழுக்காடு ஏட்டளவிலேயே இருக்கும்.

அணி தரும் நட்பு

வேலையையும் பதக்கத்தையும் தாண்டி, விளையாட்டு உயர்த்தும் மூன்றாவது வழி பழக்கம். ராஜ் செட்டியும் சக பொருளாதார அறிஞர்களும் 2022-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்டோரின் நட்புத் தொடர்புகளை ஆராய்ந்தது. ஏழைக் குழந்தைகள் எந்த அளவுக்கு வசதி படைத்தவர்களோடு நட்புக் கொண்டு வளர்கின்றனரோ, அந்த அளவுக்குப் பெரியவர்களானபின் அவர்களது வருமானம் உயர்கிறது என்பது அதன் மையமான முடிவு. ஒரே இடத்தில் இருப்பது மட்டும் போதாது. அங்கேயும் மக்கள் தம் நிலையில் உள்ளவரோடேயே சேர்ந்துகொள்ளும் போக்கு உண்டு என்றும், இந்த இரண்டு தடைகளும் ஏறக்குறையச் சம பங்கு வகிக்கின்றன என்றும் அவர்கள் கண்டனர்.

ஊர் என்றும் காலனி என்றும் குடியிருப்பே பிரிந்து கிடக்கும் தருமபுரி மாவட்டத்துக்கு இந்த முடிவு மிகவும் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டியில் ஒவ்வொரு தெருவும் தனித்தனி அணியாக இறங்கினால், ஆட்டம் பழைய பிரிவினையை ஒரு கோப்பைக்காக மறுபடி நடத்திக் காட்டுவதாகவே முடியும். அரசுப் பள்ளியின் அணியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே சட்டை அணிந்து, ஒரே பேருந்தில் மாவட்டப் போட்டிக்குப் போய், ஒரே பந்தியில் சாப்பிட்டால், அங்கே வேறொன்று நிகழ்கிறது. களத்தின் மதிப்பு தானாகவே சமூக மதிப்பாக மாறிவிடாது என்பதற்கு இந்திய வரலாறு தரும் சான்று பல்வங்கர் பாலு. தலித் சமூகத்தைச் சேர்ந்த இந்தப் பந்துவீச்சாளர் 1911-இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார்; ஆனால், இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு ஒருபோதும் வழங்கப்படவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1923-இல் அவரது தம்பி விட்டலுக்கே அது கிடைத்தது. யாரையெல்லாம் ஒன்றாக ஆடவைப்பது, தலைமையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர்கள் மனம் வைத்தால்தான் ஆட்டம் சமத்துவத்தைக் கற்பிக்கும்.

பெண்களுக்குக் கிடைக்கும் ஆண்டுகள்

விளையாட்டின் பயனை அளந்த ஆய்வுகளில் மிகவும் நம்பத்தக்கது பெண்களைப் பற்றியது. 1972-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, பள்ளிகளில் மாணவிகளுக்கும் விளையாட்டில் சமவாய்ப்பு தர வேண்டுமெனக் கட்டாயமாக்கியது. அதன் விளைவுகளை மாநிலவாரியாக ஒப்பிட்ட பொருளாதார அறிஞர் பெட்சி ஸ்டீவன்சன், மாணவிகளின் விளையாட்டுப் பங்கேற்பு 10 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்த இடங்களில் கல்லூரிக்குச் செல்லும் பெண்களின் அளவு 1 புள்ளியும், வேலைக்குச் செல்லும் பெண்களின் அளவு 1 முதல் 2 புள்ளியும் உயர்ந்ததாக 2010-இல் நிறுவினார். விருப்பமுள்ளவர் விளையாடினர், விருப்பமுள்ளவரே படித்தனர் என்ற மறுப்புக்கு இடமில்லாமல், சட்டத்தால் திடீரென வாய்ப்புப் பெற்றவர்களை அளந்ததே இதன் சிறப்பு.

குழந்தைத் திருமணங்கள் குறித்த செய்திகள் அடிக்கடி வரும் தருமபுரி மாவட்டத்தில் இதன் பொருள் வெளிப்படையானது. பள்ளி அணியில் இருக்கும் மாணவிக்குப் போட்டி, பயிற்சி, விடுதி என்று பள்ளியில் தொடர்வதற்குக் கூடுதல் காரணங்கள் உருவாகின்றன. அவளது எதிர்காலத்தைப் பற்றிப் பெற்றோரிடம் பேச ஓர் ஆசிரியரும் இருப்பார். சென்னையின் மையப் பகுதிக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக நகரின் விளிம்பில் அமைக்கப்பட்ட கண்ணகி நகரிலிருந்து வந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்றபோது, தமிழ்நாடு அரசு 25 இலட்சம் ரூபாய் பரிசளித்தது. பணத்தைவிடப் பெரியது, முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படுவதாக மக்கள் குறைகூறிவந்த ஒரு குடியிருப்பின் பெயர் நாடு முழுதும் பெருமையாக உச்சரிக்கப்பட்டதாகும்.

செய்ய வேண்டியது

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. விளையாட்டு தன்னளவில் எவரையும் உயர்த்துவதில்லை; அதை வேலையோடும் படிப்போடும் மனிதத் தொடர்போடும் இணைக்கும் பொது ஏற்பாடுகள் இருக்கும் இடத்தில் உயர்த்துகிறது, இல்லாத இடத்தில் வசதியுள்ளவரின் முன்னிலையை மேலும் நீட்டிக்கிறது. கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 33 வகைப் பொருள்கள் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டதும், முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர் என்று விரிவாக்கப்பட்டதும் நல்ல தொடக்கம். மட்டையும் பந்தும் வந்துசேர்ந்த ஊரில் அவற்றைப் பூட்டிவைக்காமல் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்; ஆட ஓர் இடம் வேண்டும்.

கடத்தூர் போன்ற பேரூராட்சிக்குத் தேவையானவை பெரும் செலவு பிடிப்பவையல்ல. பள்ளி மைதானத்தின் வாயில் காலை ஐந்து மணிக்கும் மாலையிலும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். இரண்டு உயர்கோபுர விளக்குகளும், பெண்கள் உடை மாற்ற ஓர் அறையும், தண்ணீர் வரும் கழிப்பறையும் அங்கே இருக்க வேண்டும். கயிறு ஏறப் பழகுவதற்கு உறுதியான இரும்புச் சட்டம் ஒன்று நிறுத்தப்பட வேண்டும். உடற்கல்வி ஆசிரியரின் பணியிடம் காலியாகக் கிடக்கலாகாது. கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் விளையாட்டு வகுப்பைக் கடன் வாங்க வேண்டாம் என்று விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பேற்ற உதயநிதி ஸ்டாலினே கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கால அட்டவணையில் நடைமுறையாக வேண்டும். மாவட்டப் போட்டிக்குப் போகும் அணியின் பேருந்துச் செலவை ஆசிரியர் தன் சட்டைப்பையிலிருந்து கொடுக்கும் நிலை மாற வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு. பிள்ளை மைதானத்துக்குப் போனால் நடராஜன் ஆவானா என்று கணக்குப் பார்த்தால், பெரும்பாலோருக்கு விடை இல்லை என்பதாகவே இருக்கும். நேரத்துக்கு எழுபவனாக, நாலு தெரு நண்பர்களை உடையவனாக, காவலர் தேர்வில் 24 மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கக்கூடியவனாக வருவானா என்று கேட்டால், விடை பெரும்பாலும் ஆம். மகளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லாமல், பையில் ஓடுகாலணியையும் சேர்த்து அனுப்புங்கள். பேரூராட்சிக் கூட்டத்தில் சாலைக்கும் சாக்கடைக்கும் அடுத்த வரியிலேயே மைதானத்தையும் கேளுங்கள்.